விற்பனைக்கு வந்த குரல்

ஒட்டடையின் கழுத்தில் தொங்கிய அட்டையைக் காவலாளி இரண்டு தடவை புரட்டிப் பார்த்தார். அட்டையில் 'ஊடகம்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. ஒட்டடையின் முகத்தில் அப்படி ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"எந்தப் பத்திரிகை?"

"'இல்லம் இனிது'. நான் போட்டோகிராபர். கட்டுரை எழுதுறது மேடம்."

காவலாளி மேடத்தைப் பார்த்தார். நரைத்த தலை, தடித்த கண்ணாடி, யாரையும் நம்பாத பார்வை. பத்திரிகைக்காரிதான் என்று முடிவு கட்டி வழிவிட்டார்.

உள்ளே நாலடி வைத்ததும் ஒட்டடை குனிந்து, "கேமராவுல பேட்டரி இல்ல மேடம்" என்றான்.

"எனக்கு எழுதவே வராது. நான் ஏதாவது சொன்னேனா?"

மேடம் பல வருஷம் கோர்ட்டில் கறுப்புக் கோட்டுப் போட்டு வாதாடியவர். வழக்கில் ஜெயிப்பதைவிட நடந்தது என்ன என்று தெரிந்துகொள்வதில்தான் தனக்கு ருசி என்று ஒரு நாள் தோன்ற, கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டுத் துப்பறியும் ஆபீஸ் திறந்தார். கோட்டுப் போனாலும் 'வக்கீலம்மா' என்ற பேர் போகவில்லை. ஒட்டடை அவருடைய உதவியாள். ஆளை நிமிர்த்திக் கூரை மூலையில் நீட்டினால் சிலந்தி வலை தானே வந்து ஒட்டிக்கொள்ளும், அவ்வளவு உயரம், அவ்வளவு ஒல்லி. வாய் மட்டும் ஒல்லி இல்லை.

அந்தத் தொழில்நுட்பக் கண்காட்சிக்குள் பொதுமக்களை விடமாட்டார்கள். வியாபாரிகள், ஊடகக்காரர்கள், கம்பெனிகள் அழைத்த விருந்தாளிகள், அவ்வளவுதான். 'இல்லம் இனிது' ஆசிரியர் வக்கீலம்மாவின் பழைய கட்சிக்காரர். அவர்தான் தன் ஆட்களுக்கு வந்த அட்டைகளைக் கொடுத்தார். பதிலுக்கு ஒரு பக்கக் கட்டுரை வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

அரங்கு ஒரு சின்ன ஊர் அளவுக்கு இருந்தது. ஒவ்வொரு ஸ்டாலும் ஒரு பாட்டைப் போட்டு, எல்லாப் பாட்டும் சேர்ந்து ஒரே இரைச்சலாக இருந்தது. சட்டை மடிக்கும் இயந்திரம் ஒன்றின் முன்னால் கூட்டம் வாய் பிளந்து நின்றது.

"அது ஒரு கையை மடிக்கிறதுக்குள்ள எங்க அண்ணி ஒரு மூட்டைத் துணியை மடிச்சுடுவாங்க" என்றான் ஒட்டடை. "திட்டிக்கிட்டே. அந்த வசதி இதுல கிடையாது."

வக்கீலம்மா சிரிக்கவில்லை. அவர் மனசெல்லாம் வெளியே கார் நிறுத்துமிடத்தில் இருந்தது. அங்கே அவர்களுடைய பழைய காரின் பின் சீட்டில் ஒரு அம்மா கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அந்த அம்மாள் ஒரு ஆஸ்பத்திரியில் படுக்கை விரிப்பும் உறையும் தைக்கிற பிரிவில் வேலை செய்பவள். போன வாரம் ஆபீசுக்கு வந்து, தண்ணீர்கூடக் குடிக்காமல் சொல்லத் தொடங்கினாள். மிக்சியைச் சரி பண்ணக் கடைக்குப் போயிருந்தாளாம். கடைச் சுவரில் இருந்த டிவியில் ஒரு விளம்பரம். உள்ளங்கை அளவு உருண்டை ஒன்று, வயசான தம்பதியைப் பார்த்து, மாத்திரை போட்டாச்சா என்று கேட்டது. அந்தக் குரலைக் கேட்டதும் கையிலிருந்த மிக்சி ஜார் கீழே விழுந்து உடைந்தது.

அது அவளுடைய ஒரே மகளின் குரல். மகள் செத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

மகள் தன் இஷ்டப்படி ஒருவனைக் கல்யாணம் செய்துகொண்டாள். அன்றைக்கே இந்த அம்மாளின் புருஷன் நடுவீட்டில் நின்று, இனி அவளோடு யாராவது ஒரு வார்த்தை பேசினால் என் பிணத்தைத் தாண்டித்தான் பேச வேண்டும் என்று சத்தியம் பண்ணிவிட்டார். அவர் ஜெனரேட்டர் மெக்கானிக். காலமெல்லாம் இன்ஜின் இரைச்சலில் நின்று இடது காது சுத்தமாகப் போய், வலது காதிலும் பாதிதான் மிச்சம். ரத்தக் கொதிப்பு வேறு. சொன்ன மாதிரியே ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்து, மகள் கூப்பிட்ட போதெல்லாம் அம்மாக்காரி போனை எடுக்கவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் அடித்து ஓய்ந்து, அந்தப் போனும் நின்றது. பிறகு ஒரு மூளைக்காய்ச்சல், நாலு நாள் ஆஸ்பத்திரி. தகவல் வந்தபோது முகம் மட்டும்தான் பார்க்கக் கிடைத்தது.

"எல்லாம் அந்தப் பய வேலை" என்றாள். அந்தப் பய என்பது மருமகன். "பொண்ணைக் கூட்டிட்டுப் போனான். இப்ப குரலையும் வித்துட்டான். தெருவுல போறவங்களுக்கெல்லாம் என் பொண்ணு மாத்திரை எடுத்துக் குடுக்கணுமா? நீங்க அதை நிறுத்தணும்."

மருமகனைக் காலையில்தான் போய்ப் பார்த்திருந்தார்கள். கண்ணாடிக் கடை ஒன்றில் லென்ஸ் தேய்க்கிறவன். விஷயத்தைக் கேட்டதும் அவன் முகம் வெளுத்துவிட்டது. தான் விற்கவில்லை என்றான். யார் கொடுத்திருப்பார்கள் என்று கேட்டதற்கு, தயவுசெய்து இதற்கு மேல் தோண்டாதீர்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான்.

"தெரியாதுன்னு அவன் சொல்லவே இல்ல, கவனிச்சியா?" என்று வக்கீலம்மா காரில் ஏறும்போது கேட்டிருந்தார்.

இப்போது 'துணை' என்று பலகை வைத்த ஸ்டால் முன்னால் நின்றார்கள். வீட்டுக் கூடம் மாதிரி சோபா, மேஜை, விளக்கு எல்லாம் போட்டு அலங்கரித்திருந்தார்கள். மேஜை நடுவில் அந்த உருண்டை. அதைச் சுற்றி நீல ஒளி ஒரு வளையமாக ஓடியது. விற்பனைப் பெண் ஊடகம் என்ற அட்டையைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்லாக வரவேற்று, தனியாக இருக்கிற பெரியவர்களுக்குப் பேச்சுத்துணை இது, மனுஷக் குரலிலேயே பேசும், மனுஷர் மாதிரியே கேட்கும் என்று ஒப்பித்தாள். நீங்களே பேசிப் பாருங்கள் என்றாள்.

ஒட்டடை சோபாவில் மடிந்து உட்கார்ந்தான்.

"சொல்லுப்பா" என்றது உருண்டை.

இளம்பெண்ணின் குரல். கொஞ்சம் கரகரப்பு, நிறையப் பிரியம். ஒட்டடை தன்னையறியாமல் நிமிர்ந்து உட்கார்ந்தான். பிறகு, நாளைக்கு டாக்டரிடம் போக வேண்டும், ஞாபகப்படுத்துவாயா என்று கேட்டான்.

"கண்டிப்பா ஞாபகப்படுத்தறேன்ப்பா. எத்தனை மணிக்கு... எத்தனை மணிக்கு?"

"காலையில."

"சரிப்பா. குடை எடுத்துட்டுப் போ. எடுத்துட்டுப் போ."

வக்கீலம்மா அவனை எழுப்பிவிட்டுத் தான் உட்கார்ந்தார். கோர்ட்டில் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்கிற அதே நிதானத்தோடு, வீட்டில் குழாய் ஒழுகுகிற கதையை ஆரம்பித்தார். பிளம்பர் வந்தார், பார்த்தார், போனார், திரும்ப வரவில்லை. நாலு வார்த்தைக்கு ஒரு தடவை நிறுத்தி, எதிராளிக்கு இடம் விட்டார். உருண்டை ஒவ்வொரு இடைவெளியிலும் பதில் சொன்னது. அப்படியா. ஆமாப்பா. சரி சரி. இல்லப்பா, அது தப்பு.

கதை முடிந்ததும் விற்பனைப் பெண்ணிடம் திரும்பினார்.

"கடைசி வார்த்தையை ரெண்டு தடவை சொல்லுதே, அது நீங்க கத்துக்குடுத்ததா?"

அந்தப் பெண்ணுக்குக் கேள்வி பிடித்துவிட்டது. யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, குரலோடு சேர்ந்து வந்த பழக்கம் அது என்றாள். முதலில் கோளாறு என்று நினைத்து எடுத்துவிட்டார்களாம். சோதனைக்குக் கொடுத்த வீடுகளில் இருந்த பெரியவர்கள் அதுதான் வேண்டும் என்று கேட்டார்களாம். குரல் எங்கே கிடைத்தது என்று கேட்டபோது, ஒரு குடும்பம் மனசார, ஒரு காசு வாங்காமல் கொடுத்தது, எல்லாம் போனில் பேசிய பேச்சு, மூட்டை மூட்டையாக இருந்தது என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

இரண்டு பேரும் காபி வாங்கிக்கொண்டு ஒரு தூணோரம் ஒதுங்கினார்கள்.

"இதுல என்ன மேடம் துப்பு? பொண்ணு பேசுது, நல்லா பேசுது."

"அது என்ன சொல்லலன்னு யோசி."

ஒட்டடை யோசித்தான். "கட்டுரைல எங்க கம்பெனி பேரைப் பெரிசா போடுங்கன்னு சொல்லல."

"ஒரு தடவைகூட 'ம்' சொல்லல."

அவன் காபிக் கோப்பையைக் கீழே இறக்கினான்.

"போன்ல நம்ம ஜனங்க பாதி நேரம் 'ம்' போட்டுத்தான் பேசுவாங்க. நீயே ஒரு கதையை முழுக்க 'ம்'முலயே கேட்டு முடிப்ப. இந்தப் பொண்ணு மூட்டை மூட்டையா பேசியிருக்கு. அதைக் கேட்டுப் பேசக் கத்துக்கிட்ட மெஷின் 'ம்'முன்னு ஒண்ணு இருக்குறதையே தெரிஞ்சுக்கல. யார்கிட்ட பேசும்போது 'ம்' போட மாட்டோம்?"

"'ம்' போட்டா காதுல விழாதவங்ககிட்ட."

"கடைசி வார்த்தையை யாருக்காகத் திருப்பிச் சொல்வோம்?"

"அதே ஆளுக்கு." ஒட்டடையின் குரல் இறங்கியது. "பேசினதை எல்லாம் பதிவு பண்ணி வைக்கிறதும் அதே ஆளுதான். அப்ப பிடிபடாததை அப்புறம் சத்தமா வச்சுக் கேக்க."

"இப்ப அந்த 'சொல்லுப்பா'வை யோசி."

"அது சும்மா சொல்றது மேடம். இந்தக் காலத்துல எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடறாங்க. எங்க அத்தை நாய்க்குட்டியையே 'வாப்பா'ன்னுதான்..."

பாதியில் நிறுத்தினான். வாய் திறந்தபடியே இருந்தது. அதற்குள் ஜோக் எதுவும் மிச்சமில்லை.

"அந்த ஸ்டால்ல இருக்குற எல்லாருக்கும் அப்படித்தான் தோணியிருக்கு" என்றார் வக்கீலம்மா. "அவ அப்பாவைக் கூப்பிட்டிருக்கா."

பிணத்தைத் தாண்டச் சொன்ன மனுஷர் எல்லோருக்கும் முதலில் தானே தாண்டியிருக்கிறார். மருமகனுக்கு அது தெரிந்திருக்கிறது. செத்துப்போனவளுக்காக அவன் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறான். தெரியாதவள் ஒரே ஒருத்திதான். அவள் கார் நிறுத்துமிடத்தில் இருந்தாள்.

"மேடம், இதை அந்தம்மாகிட்ட சொல்லியே ஆகணுமா? யார்னு கண்டுபிடிக்க முடியலன்னு சொல்லிடலாம். நாம தோத்த கேஸ் எத்தனையோ இருக்கு."

"கட்சிக்காரரோட சேர்ந்து உண்மையை மறைச்ச காலம் உண்டு. கட்சிக்காரர்கிட்டயே மறைச்சதில்ல." வக்கீலம்மா ஸ்டாலின் அந்தப் பக்கத்தைப் பார்த்தார். "அதோட, நான் சொல்லப் போறதில்ல. அவரே சொல்லட்டும்."

ஒட்டடை திரும்பிப் பார்த்தான். பேசிப் பார்க்கிறவர்களின் வரிசையில் முதலிலிருந்தே ஒரு பெரியவர் நின்றதை அவனும் கவனித்திருந்தான். பேசி முடித்ததும் மறுபடி வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டார். சட்டையில் 'விருந்தினர்' அட்டை. இப்போது மேஜைக்கு வந்து இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்து, வலது காதை அந்த உருண்டையின் மேலேயே வைத்துக்கொண்டார்.

"இந்தா என் அட்டை, அந்தம்மா கழுத்துல மாட்டி உள்ள கூட்டிட்டு வா" என்றார் வக்கீலம்மா. "அவசரப்படாம வா. நான் முதல்ல இவர்கிட்ட பேசணும்."

ஒட்டடை கிளம்பியதும் அவர் பெரியவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, வலது காதருகே தான் யார் என்று சொன்னார். உங்கள் வீட்டம்மா அனுப்பி வந்திருக்கிறேன் என்றார். பெரியவர் ஓடப் பார்க்கவில்லை. இத்தனை நாளாக யாராவது வந்து கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவர் போலச் சோபாவில் பொத்தென்று உட்கார்ந்தார்.

சத்தியம் பண்ணி ஒரு வருஷம் தாங்கியதாம். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெனரேட்டர் அறையிலிருந்து அவரே மகளைக் கூப்பிட்டார். அதன் பிறகு எல்லா ஞாயிறும். அவள் கத்துவாள், இவர் கத்துவார், இன்ஜின் கத்தும். பாதி காதில் விழாது. அதனால்தான் போனில் பதிவு செய்துவைத்து, எல்லோரும் போன பிறகு காதோடு ஒட்டிக் கேட்பார். வீட்டில் சொல்ல மட்டும் நாக்கு எழவில்லை. நடுவீட்டில் நின்று அத்தனை வீறாப்பாகப் பேசியவர், எந்த முகத்தோடு போய்ச் சொல்வார்?

"அவ போனப்புறம் அதையேதான் கேட்டுக்கிட்டிருந்தேன். எல்லாம் மனப்பாடம் ஆயிடுச்சு. அடுத்து என்ன சொல்லுவா, எங்க சிரிப்பான்னு தெரியும். அப்பதான் இந்தக் கம்பெனிக்காரங்க குரல் கேக்குறாங்கன்னு தெரிஞ்சுது. எத்தனை தடவை சொன்னதையே கேக்குறது? புதுசா ஒரே ஒரு வார்த்தை அவ சொல்லிக் கேக்கணும்னு இருந்துச்சு. அதுக்குத்தான் குடுத்தேன்."

காது கேட்காதவர் சொல்கிற ரகசியம் ஊருக்கே கேட்கும். பக்கத்து ஸ்டாலில் பேச்சு நின்றுவிட்டது. வரிசையில் நின்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். வக்கீலம்மா நிமிர்ந்தபோது சோபாவுக்குப் பின்னால் ஒட்டடை நின்றிருந்தான். அவனுக்கு முன்னால், ஊடகம் என்ற அட்டை கழுத்தில் தொங்க, அந்த அம்மா.

அவசரப்படாமல் வரத்தான் அவன் பார்த்திருக்கிறான். அவள் விடவில்லை.

அவள் சுற்றி வந்து புருஷன் எதிரில் நின்றாள். அழவில்லை. அவருடைய நல்ல காதின் பக்கம் குனிந்தாள்.

"என்னைக் கேட்டாளா?"

அவர் தலையாட்டினார்.

"எப்பக் கேட்டா?"

"எப்பவும். போனை எடுத்ததும் அதான் முதல் கேள்வி."

"நீங்க என்ன சொன்னீங்க?"

பெரியவர் உருண்டையின் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் கேள்வியை இன்னொரு தடவை, காதில் விழாமல் போய்விட்டதோ என்று, நிறுத்தி நிறுத்திக் கேட்டாள்.

"உனக்கு இன்னும் கோபம் ஆறலன்னு சொன்னேன்" என்றார். "உன்னைப் பேச வச்சா நானும் பேசறது தெரிஞ்சு போயிடும். அடுத்த வாரம் சொல்லிக்கலாம், அதுக்கடுத்த வாரம் சொல்லிக்கலாம்னே இருந்துட்டேன்."

அந்த அம்மா மெதுவாக நிமிர்ந்தாள். அந்த நேரத்தில் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் ஒட்டடை பேட்டரியில்லாத கேமராவை எடுத்துத் திருகிக்கொண்டிருந்தான். மகள் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்துபோனது ஏன் என்று அவளுக்கு இப்போது தெரிந்துவிட்டது. அம்மாவுக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்று நம்பிக்கொண்டே அந்தப் பெண் கண்ணை மூடியிருக்கிறது.

விற்பனைப் பெண் எதையோ சொல்ல வந்து, வாயைப் பொத்திக்கொண்டு விலகினாள். அந்த அம்மா மேஜை முன்னால் உட்கார்ந்தாள். நீல ஒளி விழித்துக்கொண்டது.

"சொல்லுப்பா."

"அப்பா இல்லடி" என்றாள். "அம்மா."

ஒளி வளையம் ஒரு சுற்றுச் சுற்றியது. அம்மா என்ற சொல் வந்தால் அந்தப் பெண் எப்போதும் என்ன சொல்வாளோ, அதைத்தான் இயந்திரமும் தேடி எடுத்தது.

"அம்மா எப்படி இருக்காங்க? பக்கத்துல இருக்காங்களா... இருக்காங்களா?"

"இருக்கேன்டி. பக்கத்துலதான் இருக்கேன்."

"சரிப்பா" என்றது குரல். "அம்மாகிட்ட நான் கேட்டேன்னு சொல்லு. சொல்லு."

அந்த அம்மா அதற்கப்புறம் அதோடு பேசவில்லை. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். பெரியவர் கையை நீட்டினார். அவள் அதைப் பார்த்தாள், பிடிக்கவில்லை.

வக்கீலம்மா அவளை ஓரமாக அழைத்துப்போய், இந்தக் குரலை நிறுத்த வழி இருக்கிறது என்றார். பெற்றவர்கள் இரண்டு பேரில் ஒருவருக்குத் தெரியாமலே கொடுத்திருக்கிறார்கள், ஒரு நோட்டீஸ் அனுப்பினால் கம்பெனிக்காரர்கள் யோசிப்பார்கள், அனுப்பவா என்று கேட்டார்.

அவள் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். அவர் மறுபடி உருண்டைக்குப் பக்கத்தில், ஆனால் இந்தத் தடவை காதை வைக்காமல், சும்மா உட்கார்ந்திருந்தார்.

"வேணாம். அவர் கேட்டுக்கட்டும்" என்றாள். "எனக்கு அது வேணாம். அதுக்கு அவரை மட்டும்தான் தெரியும்."

காரில் ஏறியதும் எங்கே போக வேண்டும் என்று ஒட்டடை கேட்டான். வழக்கமாகக் கேட்கிற குரலில் கேட்க அவனால் முடியவில்லை. அவள் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். கண்ணாடிக் கடைக்கு என்றாள். வழியில் ஒரு தடவைதான் வாயைத் திறந்தாள். தான் மருமகனைப் பற்றிச் சொன்னதெல்லாம் அவனிடம் போய்ச் சொன்னீர்களா என்று வக்கீலம்மாவைக் கேட்டாள். இல்லை என்றதும், "நானே சொல்லிக்கிறேன்" என்றாள்.

கடையில் வேறு யாரும் இல்லை. மருமகன் லென்ஸ் தேய்க்கும் சக்கரத்தின் முன்னால் குனிந்திருந்தான். நிழல் விழுந்ததும் நிமிர்ந்தான். யார் என்று தெரிந்தது. சக்கரத்தை நிறுத்தினான். கையிலிருந்த லென்ஸை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"உக்காருங்க அத்தை" என்று ஒரு முக்காலியை இழுத்துப் போட்டான்.

அவள் உட்கார்ந்தாள். சொல்ல வந்தது நிறைய இருந்திருக்கும். அவற்றை ஒதுக்கிவிட்டு ஒன்று கேட்டாள்.

"உங்க வீட்டுல அவ எப்படி இருந்தா?" என்றாள். "எனக்கு ஒண்ணுமே தெரியாது மாப்பிள்ளை. முதல்ல இருந்து சொல்லுங்க."

வக்கீலம்மா ஒட்டடையின் முழங்கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தார். இரண்டு பேரும் நடைபாதையில் இறங்கி நின்றபோது, மருமகன் வாசலுக்கு வந்து ஷட்டரைப் பாதிக்கு இறக்கிவிட்டு, உள்ளே போய் அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தான்.